கரிசல்காட்டு டூல்ஸ் பை

எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் ஸ்பேனர் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது ஆயில் என்ஜின். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசலில் பெரும்பாலும் மானாவாரிதான். மழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. கிணறு இருந்தவர்கள் கமலை இறைத்தார்கள். அவர்களில் கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் கமலையை விட்டுவிட்டு ஆயில் என்ஜின் வாங்கிப் போட்டார்கள். அந்த வீடுகளின் மாடக்குழியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த நாலைந்து கனத்த ஸ்பேனர்களும், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனரும், ஒரு சுத்தியலும்தான் இந்த வட்டாரத்தின் முதல் டூல்ஸ் செட் என்பது என் கணிப்பு.

நான் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபிட்டர் வீடு என்று தெரிந்தால் போதும், தெருவில் நிற்கிற வண்டியெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அப்படி வந்த வண்டிகளையும் அவற்றுக்கு நான் எடுத்த சாமான்களையும் வைத்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். அங்கிருந்து வந்த புல்லட், வெள்ளைக்காரனின் மரையையும் கூடவே கொண்டுவந்தது. ஆயில் என்ஜினிலும் அந்தக் குடும்பத்து மரைதான் என்பதால், கிணற்று மேட்டு ஸ்பேனர் புல்லட்டுக்கும் பொருந்தியது. புல்லட் வாங்கும் வசதி உள்ளவர் வீட்டில் பெரும்பாலும் என்ஜினும் இருந்தது. தனியாக டூல்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

வம்பு பிறகுதான் வந்தது. இந்த மரைக்கு 1841-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் வகுத்த கணக்குப்படி, 1/4 W என்று பொறித்த ஸ்பேனரின் வாய் கால் இஞ்ச் இருக்காது. அந்த எண், போல்ட்டின் தண்டு எவ்வளவு கனம் என்பதைச் சொல்கிறது. வாய் அகலமோ ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். கடைகளில் மில்லிமீட்டர் ஸ்பேனர் வந்த பிறகு 13-ஐ வைத்தால் ஏறாது, 14-ஐ வைத்தால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரை நம்பி முழுப் பலத்தையும் போட்டால் நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். இங்கே இன்றைக்கும் ஓடுகிற பழைய புல்லட்டுகளில் உளித்தடம் பதிந்த நட்டுகளைப் பார்க்கலாம்.

ஆனாலும் வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு புல்லட்டைப் போல இணக்கமான வண்டி வேறில்லை. டேப்பட் சரிசெய்ய அளவுத் தகடே வேண்டாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, என்ஜினைக் கம்ப்ரஷனில் நிறுத்தி, புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. வண்டியோடு கொடுத்த மெல்லிய டேப்பட் ஸ்பேனர்கள் தொலைந்தால்தான் தலைவலி. சாதாரண ஸ்பேனர் அந்த இடுக்கில் நுழையாது. அதனால் சாதா ஸ்பேனரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாணைக்கல்லில் தேய்த்து மெலிய வைத்துக்கொள்வோம்.

தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளிக்கு மட்டும் அளவு வேண்டும். பதினைந்து தவ், அதாவது இஞ்சை ஆயிரமாக்கி அதில் பதினைந்து. இதில் நூல் மில் ஊர்க்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கார்டிங் இயந்திரத்தில் சிலிண்டருக்கும் ஃப்ளாட்டுக்கும் நடுவே பத்து தவ் அளவில் இடைவெளி வைக்க நீளமான தகட்டுக் கேஜ் இருக்கும். ஐந்து தவ் தகட்டையும் பத்து தவ் தகட்டையும் சேர்த்துப் பிடித்தால் பதினைந்து. லாயல் மில், லட்சுமி மில் என்று மில்கள் ஓடிய கோவில்பட்டியில் இந்தக் கணக்கு தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. துடைப்பதற்கும் பஞ்சமில்லை, திருப்பூர் பக்கம் பனியன் வேஸ்ட் என்றால், இங்கே நூல் வேஸ்ட்.

மில்லோடு தொடர்பில்லாதவர்கள் தீப்பெட்டியை எடுத்தார்கள். மேலட்டையைக் கிழித்துப் பாயிண்டுக்கு நடுவே நுழைத்து அளவு வைப்பது, கருகிய பாயிண்டைப் பெட்டியின் உரசு பக்கத்தில் தேய்த்துச் சுத்தம் செய்வது என்று இரண்டுமே வழியில் நின்றுபோன வண்டிக்காரர்களின் வித்தைகள். அட்டையின் கனம் பெட்டிக்குப் பெட்டி மாறும், உரசு மருந்தும் பாயிண்டில் ஒட்டும். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் எட்டயபுரம் ரோட்டில் இருட்டில் நின்ற ராஜ்தூத் மோட்டார் சைக்கிள், அதை வைத்துத்தான் வீடு வந்து சேரும்.

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கரிசல் கிராமங்களுக்கு மோட்டார் உண்மையில் அப்போதுதான் வந்தது என்பேன். புல்லட் பண்ணையாரின் வண்டி; இது புண்ணாக்கு மூட்டைக்கும் தண்ணீர்க் குடத்துக்குமான வண்டி. பெரிய சாமான் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர் போதும். பிளக் ஸ்பேனர் தொலைந்தால் பைப் துண்டின் வாயைப் பழுக்கக் காய்ச்சி ஆறு பட்டையாகத் தட்டிக்கொண்டவர்கள் உண்டு. மேக்னட்டோவைக் கழற்றும் புல்லரை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டி என்பதால் சைலன்சரில் கரி அடைக்கும். அதற்கான கருவி எருவாட்டி. அடுக்கிய எருவாட்டிக்குள் சைலன்சரை வைத்துக் கொளுத்திவிட்டு, ஆறியதும் தட்டினால் கரி உதிரும்.

கரிசலுக்கென்றே இரண்டு சாமான்கள் உண்டு. இவை பெரும்பாலும் கம்பெனியின் டூல்ஸ் பையில் வராதவை. ஒன்று மண் நோண்டும் கொக்கி. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்தால் கரிசல் மண் மெழுகாகிவிடும். காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் உருட்டினாலே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பி இறுகி, சக்கரம் நின்றுபோகும். இறங்கித் தள்ளவும் முடியாது. பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியின் நுனியை வளைத்துக் கொக்கியாக்கி சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருப்போம். அது இல்லாதவர் வேலியில் ஒரு கருவைக் குச்சியை ஒடித்துக்கொள்வார். மழைக்காலம் முடியும் வரை முன் மட்கார்டையே கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. சட்டை பாழானாலும் வண்டி ஓடுமே.

இன்னொன்று பஞ்சர் சாமான். காரணம் சீமைக்கருவேல முள். நகம் நீளத்துக்கு, ஆணி போல நேராக ஏறும். ஏறிய பிறகு உள்ளேயே ஒடியும். லாரியின் ஸ்பிரிங் பட்டையை அறுத்து நுனியைத் தேய்த்து மழுக்கிய இரண்டு டயர் லிவர், உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச், கைப் பம்பு. முள்ளைத் தேடுவதுதான் வித்தை. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. டயரின் உள்பக்கத்தை விரலால் முழுச் சுற்றும் தடவி ஒடிந்த முனையைக் குறட்டால் பிடுங்காவிட்டால், ஒட்டிய பேட்ச் ஊர் எல்லை தாண்டாது. மற்ற வேலைக்கெல்லாம் மெக்கானிக்கைத் தேடிய வீடுகளிலும் இந்தச் சாமான்கள் இருந்தன.

1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 இரண்டும் வந்தன. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஆட்சி அதோடு முழுதாகிவிட்டது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு என்ற நாலு எண்ணுக்குள் வண்டியில் பாதி வேலை முடிந்தது. ஜப்பான்காரனின் ஸ்டார் ஸ்க்ரூதான் புதுத் தொல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், கடையில் விற்கிற சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் நழுவித் தலையை வழித்துவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்புகிற இம்பாக்ட் டிரைவரை அப்போதுதான் வாங்கினேன். சி.டி. 100-இன் டேப்பட்டை விரலால் பார்க்க முடியாது, 0.05 மில்லிமீட்டருக்குத் தகட்டுக் கேஜ் வேண்டும், சதுரத் தலைக்கு ஒரு குட்டிச் சாவி வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வந்தது. டி.வி.எஸ். எக்ஸ்எல் 100 வரைக்கும் அதுதான். புகை குறைந்தது, அதில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் வேறு. என்ஜின் விளக்கு எரிந்தால் கோளாறு என்னவென்று கேட்க ஸ்கேனர் வேண்டும், அது பெரும்பாலும் சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது. அதைக் காரணமாக வைத்து, செயினைத் துடைப்பதற்கும் பிரேக்கை இறுக்குவதற்கும்கூட இளைஞர்கள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். செயின் இன்னும் அதே செயின்தான். கரிசல் தூசி கிரீஸோடு குழைந்தால் பல்சக்கரத்தைத் தின்பதும் அப்படியேதான்.

ஆகவே புது வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பெட்டி எதுவும் வேண்டாம். 10 முதல் 17 வரை ரிங் ஸ்பேனர், பின் சக்கர நட்டுக்குத் தக்க ஒன்று, உங்கள் வண்டிக்கான பிளக் ஸ்பேனர், நல்ல திருப்புளி, செயினுக்கு பிரஷ், காற்று அளக்கும் கேஜ் இருந்தால் போதும். டியூப்லெஸ் டயர் என்றால் ஊசியும் ரப்பர் நாடாவும் உள்ள பஞ்சர் கிட்டும் கைப் பம்பும் கட்டாயம். விலை பார்த்து மட்டமான ஸ்பேனர் வாங்காதீர்கள். அதன் வாய் விரிந்தால் நட்டுதான் கெடும். ஐப்பசி பிறக்கும் முன் சீட்டுக்கு அடியில் ஒரு கொக்கியும் வைத்துக்கொள்ளுங்கள், அது எந்தக் கடையிலும் கிடைக்காது.