ஆக்ஸ்போர்டு இல்லம்

ஆக்ஸ்போர்டு இல்லம் என்பது குடியிலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீண்டுவருபவர்கள் தாங்களே வாடகைக்கு எடுத்துத் தாங்களே நடத்தும் குடியிருப்புகளின் கூட்டமைப்பு. அமெரிக்காவின் மேரிலாண்டு மாநிலத்தில், சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் 1975-இல் தொடங்கியது. மூடப்படவிருந்த ஓர் இடைக்காலத் தங்குமிடத்தில் இருந்தவர்கள் வெளியேற மனமில்லாமல் அதன் குத்தகையைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். செனட் குழுவொன்றில் பணியாற்றிய வழக்கறிஞர் பால் மொல்லாய் அவர்களில் ஒருவர். இன்று வீடுகளின் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டிவிட்டது. எந்த வீட்டிலும் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர் கிடையாது.

அடிப்படை விதிகள் மூன்றுதான்: வீடு வாக்கெடுப்பால் நடக்கும், செலவை வசிப்பவர்களே ஏற்பார்கள், மீண்டும் குடியையோ போதைப்பொருளையோ நாடியவர் உடனே வெளியேற வேண்டும். ஆறு பேராவது இருக்கும் வீட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்கர், வேலைப் பங்கீட்டாளர் என ஐந்து பொறுப்புகள். எதிலும் ஒருவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது. புதிதாக வருபவரை ஏற்க 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும். 1988-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய வீடு தொடங்க 4,000 டாலர் கடன் தர வழிசெய்தது. அதுவும் தவணை முறையில் திருப்பிக் கட்ட வேண்டிய கடனே. அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால், கொடுத்தவருக்கு வீட்டுக்குள் ஒரு நாற்காலி போட வேண்டியிருந்திருக்கும்.

மீண்டவர்கள் நடத்தும் அமைப்புக்கு, மீண்டு வந்த அனுபவமே தலைமைத் தகுதி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. அனுபவம் மட்டுமே தகுதியானால் என்ன ஆகும் என்பதற்கு சினனான் என்ற அமைப்பு சாட்சி. குடியிலிருந்து மீண்ட சார்லஸ் டெடரிக் 1958-இல் கலிபோர்னியாவில் அதைத் தொடங்கினார். ஹெராயின் பழக்கத்தை விட முடியாது என்று பலரும் நம்பிய காலத்தில், விட்டுக் காட்டியவர்களின் கூடாரம் என்று அது பெயரெடுத்தது. ஆனால் டெடரிக்கை மாற்றவோ மறுக்கவோ உள்ளே வழியில்லை. 1970-களில் அது தன்னை மதமாக அறிவித்துக்கொண்டது. ஆண் உறுப்பினர்கள் கருத்தடை அறுவைக்கு நெருக்கப்பட்டார்கள். 1978-இல், சினனானை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் பால் மொரான்ட்ஸின் அஞ்சல் பெட்டிக்குள் கிலுகிலுப்பைப் பாம்பு வைக்கப்பட்டது. அந்தப் பாம்பு வழக்கில் டெடரிக் கைதானபோது குடிபோதையில் இருந்தார். தலைவர் சறுக்கினால் அமைப்பே சறுக்கும் என்ற நிலை அங்கே இருந்தது. ஆக்ஸ்போர்டு இல்லத்தின் தலைவர் குடித்தால், வீட்டுக்கூட்டம் அவரை வெளியேற்றிவிட்டு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும். வாடகை வழக்கம்போல் கட்டப்படும்.

ஆறு மாதத்தில் ஒருவர் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காசோலை எழுதவும் கணக்குச் சொல்லவும் தெரியாதவர் பொருளாளராகும்போது பிழைகள் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பொறுப்பை வகிப்பதே அவருக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி. திறமைசாலி ஒருவரிடமே சாவியைக் கொடுத்துவிட்டால் மற்ற அனைவரும் மறுபடி நோயாளிகளாகிவிடுவார்கள். விளைவைப் பற்றிய சான்றும் உண்டு. டீபால் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஜேசன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடித்த 150 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் வழக்கமான பின்கவனிப்பு பெற்றவர்களில் 64.8 விழுக்காட்டினர் மது அல்லது போதைப்பொருளை நாடியிருந்தார்கள். இல்லங்களுக்குச் சென்றவர்களில் 31.3 விழுக்காட்டினர். சுழற்சித் தலைமைதான் இதற்குக் காரணம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. நிலையான கூரையும் குடிக்காத நண்பர்களுமே போதுமானதாக இருந்திருக்கலாம். மேற்பார்வையாளர் இல்லாததால் வீடு குலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு மட்டும் இது போதுமான பதில்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வீடுகளுக்கு ஆறு மாத வரம்பு விதித்த அமைப்பின் மையத் தலைமையில், 2022-இல் இறந்த மொல்லாய் பல பத்தாண்டுகள் இருந்தார். வீட்டுக்கு அங்கீகாரப் பட்டயம் வழங்குவதும் பறிப்பதும் மைய அமைப்பின் கையில் உள்ளன. ஆயினும் பணமும் சேர்க்கையும் வெளியேற்றமும் வீட்டாரிடமே இருந்ததால், அவர் நினைத்திருந்தாலும் டெடரிக் ஆகியிருக்க முடியாது. தேசிய அளவில் வழக்குகளை நடத்த ஒருவர் நீடித்திருப்பது பயன்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம், உறவினர் அல்லாதவர் ஐவருக்கு மேல் ஒரு வீட்டில் வசிக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி ஓர் இல்லத்தைத் தடுக்க முயன்றது; 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த விதிக்கு வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது.