12ஆம் சைஸ் யாருடைய உடம்பு?

எங்கட ஊர்த் தையல் கடைகளில "உங்கட சைஸ் என்ன?" எண்டு ஒருவரும் கேட்பதில்லை. ரேப்பை எடுத்து அளந்து கொப்பியில எழுதுவார்கள். இல்லாட்டி அளவுச் சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுவார்கள். சைஸ் எண் எங்கட வாழ்க்கைக்குள்ள வந்தது ரெடிமேட் உடுப்போடுதான். இப்ப தாங்களே தைக்கப் பழகுகிற எங்கட வயதுக்காரர் அமெரிக்கக் கம்பனிகளின் பற்றன் தாள்களையும் பயன்படுத்துகிறார்கள். கடையில 8 போடுகிற ஒருத்திக்கு பற்றன் அட்டவணை 14 எண்டு காட்டும். உடனே வருகிற யோசனை, "நான் இவ்வளவு மொத்தமா?" என்பதுதான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை என்று விளங்கும்.

ஒரே உடுப்பின் பற்றனைப் பல அளவுகளில் விற்கும் வியாபாரத்தை 1863இல் தொடங்கியவர், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த தையல்காரர் எபெனேசர் பட்டரிக். அதற்கு முன் சஞ்சிகைகளில் வந்த பற்றன்கள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருந்தன. அதைத் தன் உடம்புக்கு ஏற்றமாதிரிப் பெருப்பிப்பது தைக்கிற பெண்ணின் பாடு. பட்டரிக் முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் வெட்டினார். பெண்களின் உடுப்புக்கான பற்றன்கள் 1866இல் வந்தன. வளர்ந்த பெண்களுக்கு மார்பளவை அங்குலத்திலும், பிள்ளைகளுக்கும் இளம்பெண்களுக்கும் வயதையும் வைத்து அளவு குறித்தார்கள். அதாவது 14, 16 என்ற எண்கள் தொடக்கத்தில் வயதுகள். மார்பளவு தெரிந்தால் மிச்ச உடம்பையும் கணக்குப் போட்டுவிடலாம் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை நம்பிக்கை.

அந்த நம்பிக்கை சரியா என்று பெரிய அளவில் சோதித்தது 1939-40இல்தான். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கீழ் ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய 15,000 பெண்கள் அளக்கப்பட்டார்கள். ஒருவருக்கு 59 அளவுகள். 1941இல் அறிக்கை வந்தது. ஒரே ஒரு அளவை வைத்து ஒரு பெண்ணின் முழு உடம்பையும் சொல்ல முடியாது என்பது அதிலிருந்து தெளிவானது.

அந்த ஆய்வில் இன்னொரு விசயமும் நடந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அளந்திருந்தாலும் கழித்துவிட்டார்கள். மிஞ்சிய அளவுகளை அடிப்படையாகக் கொண்டு 1958இல் பெண்களின் உடுப்புக்கான அமெரிக்கத் தரஅளவு வெளிவந்தது. "சராசரிப் பெண்" என்று அந்த அட்டவணை சொன்னவள் யார் என்று நாங்கள் கேட்க வேண்டியது இங்கேதான்.

அந்தத் தரஅளவும் நிலைக்கவில்லை. 1983இல் கைவிடப்பட்டது. கடை உடுப்புக் கம்பனிகள், வாங்குகிறவர் சந்தோசப்படட்டும் என்று எண்களைக் குறைத்துக்கொண்டே போயின. பற்றன் கம்பனிகள் அந்த வழியில் அவ்வளவு தூரம் போகவில்லை. 1960களின் கடைசியில் ஒரு தடவை மாற்றினார்கள். அதுக்கு முதல் 32 அங்குல மார்புக்கு இருந்த 12ஆம் சைஸ், பிறகு 34 அங்குலத்துக்கு வந்தது. இன்றைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். அதனாலதான் கடையில 8 ஆக இருப்பவள் பற்றனில 14 ஆகிறாள். அவளின் உடம்பு அப்படியே இருக்கிறது, எண்தான் வேற வேற வழியால வந்திருக்கிறது.

சரி, உடம்போட பொருந்தி நிக்கிற கவுண் ஒன்று தைக்க எந்த சைஸை எடுப்பது? மார்பு, இடுப்பு, ஹிப் மூன்றையும் அளவுங்கோ. நாலாவதாக, கையிடுக்குக்குக் கீழால மார்புக்கு மேலால ஓடுகிற மேல்மார்பு அளவையும் எடுங்கோ. பெரிய கம்பனிகளின் பற்றன்கள் இந்த மேல்மார்புக்கும் முழு மார்புக்கும் வித்தியாசம் 2 அங்குலம் என்று வைத்து வரையப்பட்டவை.

உங்கட முழு மார்பு 37, மேல்மார்பு 34 எண்டு வையுங்கோ. 37ஐப் பார்த்து 16 (மார்பு 38) வெட்டினால் தோள் விழும், கழுத்து அகலும். தோளைத் திருத்துறது கஷ்டம். அதனால 34ஐ மார்பளவாக எடுத்து 12ஐத் தெரிவுசெய்து, முன்துண்டை மட்டும் மார்பு இடத்தில விரித்துப் பெருப்பிக்க வேணும். இடுப்பு 30 எண்டால் அது 16இன் இடுப்பு. கையிடுக்கில 12இன் கோட்டில தொடங்கி, இடுப்பில 16இன் கோட்டுக்குச் சரித்து வெட்டலாம். ஒரே ஆள், ஒரே கவுண், இரண்டு சைஸ்.

தைத்து முடிந்த உடுப்பின் அளவையும் கனக்கப் பற்றன்களில போட்டிருப்பார்கள். அதிலிருந்து உங்கட உடம்பின் அளவைக் கழித்தால் வருவதுதான் லூஸ். இழுபடாத துணியில மார்புக்கு 2, 3 அங்குலமாவது இல்லாட்டி மூச்சு விடவே கஷ்டம். நல்ல துணியில கத்தரி வைக்க முதல், பழைய பெட்ஷீட் ஒன்றில வெட்டித் தைத்துப் போட்டுப் பாருங்கோ.

1941 அறிக்கை 59 அளவெடுத்துக் கண்டதை எங்கட தையல்கார அக்காமார் கொப்பியும் ரேப்புமாக எப்பவோ செய்துகொண்டுதான் இருக்கினம்: ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அளக்கிறது. பற்றன் தாளை வைத்துத் தைக்கிற நாங்களும் அந்தக் கொப்பியிலிருந்தே தொடங்கலாம்.