வன்னிக்கு வந்த ரூபாய்

காசு, சல்லி, துட்டு, ரூபாய் என்று எங்கட பேச்சில் பணத்துக்குப் பல பெயர். துட்டு ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக்காசு. மலாய்க்காரர் இன்றும் பணத்தை ‘டூயிட்’ என்றே சொல்வர். ரூபாய், 16ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரி அடித்த வெள்ளி நாணயத்தின் பெயர். பெயரைப் போலவே காசும் நாடுகளுக்குப் பொதுவாக இருந்த காலமொன்று உண்டு.

1825இல் ஆங்கிலேயர் இலங்கையின் கணக்கை ஸ்ரேர்லிங் பவுணுக்கு மாற்றினர். ஆனால் அரிசியும் துணியும் வந்தது இந்தியாவிலிருந்து. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த தோட்டத் தொழிலாளரும் ரூபாயைத்தான் அறிந்திருந்தனர். வியாபாரம் போன வழியில் சட்டமும் போனது: 1872 ஜனவரி 1 முதல் இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையின் நாணயம், அதற்கு 100 சதம். அதே ரூபாய் ஏடனிலும் சன்சிபாரிலும் வளைகுடாத் துறைமுகங்களிலும் செல்லுபடியானது. கடலோடிய முஸ்லிம் வணிகருக்கு அது பெரிய வசதி.

வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்ததும் அரசே 1885 முதல் தாள் வெளியிட்டது. ஆனாலும் அதன் பெறுமதி இந்திய ரூபாயில்தான் நின்றது. 1893இல் தனியார் வெள்ளிக்கு இந்திய நாணயச்சாலைகள் மூடப்பட்டபோது, முடிவு இந்தியாவில், விளைவு இங்கேயும். 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி தொடங்கியபின்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அப்படியிருந்தும், 1966இல் இந்தியா மதிப்பைக் குறைக்கும்வரை இரண்டு ரூபாயும் டொலருக்கு ஏறத்தாழ 4.76 என்றே சமமாக நின்றன.

வளைகுடாவிலும் இதே கதைதான். தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைக் கண்ட இந்தியா, 1959இல் அங்கு மட்டும் செல்லும் தனி ரூபாய்த் தாளை வெளியிட்டது. ஹாஜிமாருக்கென்று 10, 100 ரூபாய் ஹஜ் தாள்களும் வந்தன. பிறகு குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தமக்கென தீனாரைக் கொண்டுவந்தன. ஓமான் 1970இல் தன் நாணயத்துக்கு மாறியது.

இனி வன்னி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். முல்லைத்தீவு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா ஆக்களும் அதில் அடங்குவர். கொண்டுபோகும் காசுக்கும் நகைக்கும் வரம்பு வைத்தார்கள். கையில் மிஞ்சிய தாள் புத்தளத்திலும் செல்லுபடியானது. கடன் கொப்பியில் எழுதியிருந்த பாக்கி செல்லவில்லை. காணியும் கடையும் கூட வரவில்லை.

1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகம் கிளிநொச்சியிலும் இலங்கை ரூபாயிலேயே கணக்கு வைத்தது. தனி நீதிமன்றமும் தனிக் காவல்துறையும் தனி வரியும் இருந்தன; தனிக் காசு இருக்கவில்லை. 2009இல் வைப்பகமே இல்லாமல் போக, அதை நம்பிச் சேமித்த தமிழ்ச் சனத்தின் கணக்குப் புத்தகங்களும் வெறும் தாளாயின.

காசு பொதுவாக இருந்தால் கொடுக்கல் வாங்கல் நடக்கும். அதற்குமேல் அது உத்தரவாதம் தராது. ஒரே ரூபாயை வைத்திருந்த அயலவரே ஒருவரையொருவர் இழந்தார்கள். மீளக் குடியேறுவோரின் கணக்கை எழுதும்போது, ரூபாயில் வராத அந்தப் பாக்கிகளையும் எழுதியாக வேண்டும்.