தக்ளியும் கணக்கேடும்

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில் முயற்சியில் ஊக்கமும் திறமையும் ஊட்ட வேண்டும் என்று இந்நாளில் பலரும் கூறக் கேட்கிறோம். இது புதிய எண்ணமன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 22, 23 ஆகிய நாட்களில் வார்தாவிலே காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாடு இதன் வேரையே தொட்டு ஆராய்ந்தது.

ஏழாண்டுக் கல்வி கட்டாயமாகவும் இலவசமாகவும் அமைதல் வேண்டும். அது தாய்மொழியிலே நிகழ வேண்டும். பயனுள்ள கைத்தொழில் ஒன்று அதற்கு நடுநாயகமாக விளங்க வேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. நாளடைவில் ஆசிரியரின் ஊதியத்துக்கும் இக்கல்வி முறையே வழிசெய்யும் என்றும் அது எதிர்பார்த்தது. பாடத்திட்டம் வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும், தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அதில் இடம்பெற்றனர் என்பது தமிழ் நேயர்களுக்கு உவகை தரும் செய்தி.

அக்குழு பள்ளி நேரத்தை ஐந்தரை மணியாக வகுத்து, அதில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கே ஒதுக்கியது. இவ்வளவு நேரம் எதற்கு என்று வியப்புத் தோன்றலாம். தக்ளியைக் கையிலேந்திய சிறுவன் நூற்பதோடு நின்றுவிடுவதில்லை. பஞ்சை நிறுத்து வாங்க வேண்டும். கழிவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இழைகளை எண்ணிச் சிட்டமாக்க வேண்டும். பஞ்சின் விலைக்கும் நூலின் விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கேட்டில் எழுத வேண்டும். கணக்குப் பாடம் அங்கேயே பிறக்கிறது. தன் உழைப்பின் பயன் இன்னதென்று அளந்தறியும் பழக்கமும் உடன் பிறக்கிறது. இத்திட்டத்தின் உயிர்நிலை தக்ளியைவிட அக்கணக்கேட்டிலேயே இருந்தது என்பது என் கருத்து.

ஆயின் மாநாட்டிலேயே ஐயங்கள் எழுந்தன. பள்ளிச் சரக்கு கைவினைஞரின் சரக்கோடு போட்டியிடுமே என்றார் பேராசிரியர் கே. டி. ஷா. வருவாயை மிகவும் வற்புறுத்தினால் ஆசிரியர் ஏழைச் சிறுவரை அடிமைகளைப் போல் வேலை வாங்கும் நிலை வரக்கூடும் என்று ஜாகிர் உசேனே எச்சரித்தார். பள்ளியில் செய்த பொருள்களை அரசே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது காந்தியடிகளின் நிபந்தனை. அது விற்பனைக் கவலையைப் போக்கியது, உண்மையே. ஆனால் வாங்குவோனை மாணவன் நேரில் சந்தித்து, அவன் விருப்பறிந்து செய்யும் வாய்ப்பையும் அது குறைத்துவிட்டது.

1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் இக்கல்வியின் கொள்கைகளை ஏற்றது. விடுதலைக்குப் பின் ஆதாரப் பள்ளிகள் பெருகின. எனினும் பல இடங்களில் நூற்பு வெறுஞ் சடங்காயிற்று. 1966இல் கோத்தாரிக் கல்விக் குழு, பொதுக்கல்வியில் பணி அனுபவம் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நெடுங்காலத்துக்குப் பின் தில்லி அரசு வேறு வழியில் முயன்றது. 2019இல் தன் பள்ளிகளில் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் தொழில் முனைவுப் பாடத்தைத் தொடங்கியது. 2021இல் 11, 12ஆம் வகுப்பு மாணவருக்கு ஆளுக்கு 2000 ரூபாய் தொடக்க முதலாக அளித்து, குழுக்களாகக் கூடித் தொழில் நடத்தச் செய்தது. இங்கே சரக்கை வாங்க அரசு முன்வரவில்லை. வாங்குவோரை மாணவரே தேட வேண்டியிருந்தது. ஆசிரியரின் சம்பளமோ அவ்வருவாயை நம்பியிருக்கவில்லை. ஆதலின் 1937இல் ஜாகிர் உசேன் அஞ்சிய நிலை அங்கே எழ இடமில்லாதிருந்தது.