ராமானுஜனும் ஒரு பழைய சீதபேதியும்

1/
கணித மேதை ராமானுஜன் எதனால இறந்தார்? பள்ளிக்கூடத்தில் படிச்ச ஞாபகத்தில் எல்லாரும் "காசநோய்" என்றுதான் சொல்வோம். ஆனால் மருத்துவ உலகில் இந்தப் பதில் மேல் பெரிய சந்தேகம் இருக்கு. வெளிநாடு கிளம்புற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாசிங்க.

2/
1914 மார்ச் 17. சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறுகிறார் ராமானுஜன். வயது 26. போகிற இடம் கேம்பிரிட்ஜ், கூப்பிட்டவர் பேராசிரியர் ஹார்டி. பெட்டியில் கணக்கு நோட்டுகள் இருந்தன. உடம்பிலும் ஒரு பழைய கணக்கு இருந்தது: இந்தியாவில் இருந்தபோதே அவருக்கு இரண்டு தடவை சீதபேதி வந்து போயிருந்தது. 1910-இல் விரைவீக்கத்துக்கு ஓர் அறுவை சிகிச்சையும் நடந்திருந்தது.

3/
மூணு வருஷம் ஓடியது. போர்க்காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. 1917-இல் படுத்துவிட்டார். விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்று வலி, எடை குறைவு. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். அப்புறம் காசநோய் என்றார்கள். ஈரலில் புற்றுநோய் பரவியிருக்குமோ என்றுகூட ஒருத்தர் யோசித்தார். அதற்குக் காரணமே அந்தப் பழைய அறுவை சிகிச்சைதான்! சாதாரண விரைவீக்கத்துக்குச் செய்தது, புற்றுக்கட்டியை எடுத்ததாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. பாருங்க, அரைகுறையாகப் போய்ச் சேர்ந்த தகவல் என்ன பாடு படுத்துது.

4/
மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. மெண்டிப் மலையில் ஒரு காசநோய் சானடோரியம். அதை நடத்தியவர் நம்ம ஊர்க்காரர்தான், டாக்டர் சௌரிமுத்து. 1928-இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவரும் இவரே. பிறகு மேட்லாக், அப்புறம் லண்டன் பட்னி. டாக்ஸி நம்பர் 1729 பற்றி ஹார்டியும் ராமானுஜனும் பேசிய புகழ்பெற்ற பேச்சு நடந்தது பட்னியில், நோய்ப்படுக்கையில்.

5/
1919-இல் ஊர் திரும்பினார். இங்கேயும் காசநோய் என்றே வைத்தியம். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

6/
1994-இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர், கிடைத்த கடிதங்களையும் நோய்க் குறிப்புகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். அவர் வந்த முடிவு: இது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எப்படி? சரியாகக் குணமாகாத சீதபேதியில் அமீபா கிருமி குடலிலேயே தங்கிவிடும். மாசக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட சத்தமில்லாமல் இருக்கும். பிறகு ரத்தம் வழியா ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி ஆகும். அந்த நேரத்தில் பேதி இருக்கணும்னு அவசியமே இல்லை. காய்ச்சலும் உடல் மெலிவும் மட்டும் பார்த்தால் அசல் காசநோய் மாதிரியே தெரியும்.

7/
இதில் மனசு வலிக்கிற இடம் ஒன்று இருக்கு. இந்த நோய்க்கு எமெட்டின் ஊசி பலன் தருது என்று லெனார்ட் ரோஜர்ஸ் சொன்னது 1912-இல். எங்கே? நம்ம கல்கத்தாவில். ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால! முதல் உலகப் போரில் அமீபா நோய் வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்தக் காலத்திலேயே குணமாகிக்கொண்டு இருந்தார்கள்.

8/
யங் சொன்னது கணிப்புதான், நிரூபணம் இல்லை. காசநோய்தான் என்று இன்னும் சொல்பவர்களும் உண்டு. ராமானுஜன் வேணும்னே மறைச்சார்னும் நான் சொல்ல வரல. எப்பவோ வந்து போன பேதியை யார் பெரிசா நினைப்பாங்க? ஆனா அந்தக் கணிப்பு சரின்னா, இங்கிலாந்து மருத்துவர்களுக்கு வழி காட்டியிருக்கக்கூடிய ஒரே துப்பு அந்தப் பழைய பேதிதான். உடம்பு கடல் தாண்டிப் போச்சு, அதன் வரலாறு கூடப் போகல.

9/
இப்போ நம்ம சூலக்கரைக்கு வாங்க. சிவகாசி, திருத்தங்கல், ஆமத்தூர்னு இந்தப் பக்கத்திலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போற தம்பிகள் உண்டு. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போற அம்மாக்கள் உண்டு. "டாக்டர், சுகர் இருக்குன்னு எழுதாதீங்க, இன்சூரன்ஸ் கூடிரும்", "பழைய டிபி பத்திச் சொன்னா மெடிக்கல்ல கழிச்சிருவாங்க" என்கிற பேச்சு இங்கே சாதாரணம். உங்க பயம் புரியுது. வட்டிக்கு வாங்கி விசா எடுத்தவனுக்கு வேற என்ன தோணும்?

10/
ஆனா யோசிங்க. அங்கே மயங்கி விழுந்தா, பார்க்கிற மருத்துவருக்கு உங்க மொழி தெரியாது, உங்க சுகர் தெரியாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு தெரிஞ்சா அது ஆறிப்போன டிபியா, புதுசா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பட்டாசு ஆலையில் மருந்துத் தூசியில் நின்ன வருஷங்களும் உங்க மருத்துவ வரலாறுதான். இன்சூரன்சும் அப்படியே. இருக்கிற நோயை மறைச்சு எடுத்த பாலிசியில், பணம் தேவைப்படுற அன்னைக்குத்தான் "தர முடியாது" என்பார்கள்.

11/
செய்ய வேண்டியது ஒரே ஒரு தாள். உங்க மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்க:
• இருக்கிற நோய்கள், எத்தனை வருஷமா
• மாத்திரையின் மருந்துப் பெயர், அளவு (கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்)
• ஒவ்வாமை
• செய்த அறுவை சிகிச்சைகள், எதற்காக என்பதோடு
• முன்னாடி வந்த டிபி, மஞ்சள் காமாலை, சீதபேதி

ஒரு பிரதி பாஸ்போர்ட்டோடு, ஒரு படம் போனில். மாத்திரைகளைச் சீட்டோடு கைப்பையில் வைங்க. வலி மாத்திரைகளில் ட்ராமடால், கோடீன் கலந்தவைக்கு வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. கேட்காம கொண்டு போகாதீங்க.

12/
இன்னைக்கு ஈரல் சீழ்க்கட்டியை ஒரு ஸ்கேனில் பார்த்துடலாம். பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மாத்திரையிலேயே குணமாகும். ஆனா எந்த ஸ்கேனும் "இவருக்கு முன்னாடி என்ன வந்துச்சு"ன்னு சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும். ஊருக்குக் கிளம்புற உங்க வீட்டு ஆளுக்கு இதை அனுப்பி வைங்க.