விண்ணைக் கணித்த வித்தகி

அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் திருமண மரபு. மணமகளுக்கு விண்மீனைச் சுட்டிக் காட்டிய உலகம், அதனை ஆராய்ந்து அளக்கும் பணியை அவளிடம் ஒப்படைத்ததா? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், வரலாறு நம்மைச் சென்னை நுங்கம்பாக்கத்திற்கு அழைத்துச் செல்கிறது.

அங்கே 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் வான் ஆய்வுக்கூடம் ஒன்றை எழுப்பினர். தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1861 முதல் 1891இல் மறையும் வரை அதன் தலைவராக விளங்கியவர் நார்மன் போக்சன். அவர் மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன் 1852இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். 1856இல் தந்தை கண்டறிந்த சிறுகோள் ஒன்று 'ஐசிஸ்' என்றே பெயர் பெற்றது. மகளின் பெயர் விண்ணில் ஏறுவது எளிதாயிற்று. மண்ணில் அவர் உழைப்பு மதிக்கப்படுவதே அரிதாயிற்று.

1873இல் ஐசிஸ் அந்த ஆய்வுக்கூடத்தில் கணிப்பாளராக அமர்ந்தார். தொலைநோக்கி வழியே ஒரு விண்மீன் உச்சியைக் கடக்கும் நேரத்தைக் குறித்துவிட்டால் போதாது. கடிகாரத்தின் பிழை, கருவியின் சாய்வு, காற்று மண்டலம் ஒளியை வளைக்கும் அளவு ஆகிய அனைத்தையும் கழித்துத் திருத்திய பின்னரே விண்மீனின் உண்மையான இடம் புலப்படும். ஓர் எண் பிழைத்தால் விண்மீனே இடம் பெயர்ந்துவிடும்! ஓரிரவு நோக்கியதைப் பல பகல் கணிக்கும் இப்பணியை அவர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆற்றினார். 1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலைப் பதிவாளர் பொறுப்பையும் ஏற்றார்.

1886இல் இலண்டன் அரச வானியல் கழகத்திற்கு அவர் பெயரைத் தந்தையார் முன்மொழிந்தார். ஒரு பெண்ணின் பெயர் அங்கு முன்மொழியப்பட்டது அதுவே முதன்முறை. ஆனால், கழகத்தின் 1831ஆம் ஆண்டுப் பட்டயம் உறுப்பினரை ஆண்பாற் சொல்லாலேயே சுட்டுகிறது என்று வழக்கறிஞர்கள் கருத்துரைத்தனர். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு ஒரு சொல்லின் வலிமை தெரியும். நம் மொழியிலோ இருபாலார்க்கும் பொதுவாக 'அவர்' என்னும் சொல் உண்டு. அத்தகைய ஒரு சொல் இல்லாமையால் ஓர் அறிஞர் 34 ஆண்டுகள் வாயிலில் காத்து நின்றார்! 1916இல் கழகம் மகளிர்க்குக் கதவு திறந்தது. 1920இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டர்னர் முன்மொழிய, ஐசிஸ் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 68.

அந்த டர்னர், உலக ஆய்வுக்கூடங்கள் பல வானத்தைப் பங்கிட்டுக்கொண்டு விண்மீன் அட்டவணை வகுத்த பெரும்பணியின் முன்னோடிகளுள் ஒருவர். அப்பணியில் நாம் வாழும் ஹைதராபாத்திற்கும் பங்குண்டு. தென்வானில் 17 முதல் 23 பாகை வரையுள்ள பகுதியைப் பேகம்பேட்டை நிஜாமியா ஆய்வுக்கூடம் ஏற்றது. வாத்திகனின் பங்கிற்குரிய ஒளிப்படத் தகடுகளில் 1910 முதல் 1921 வரை 4,81,215 விண்மீன்களை அளந்தவர்கள் நான்கு கன்னியாஸ்திரீகள். அவர்தம் பெயர்களை உலகம் அறிந்ததோ 2016இல்தான்.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் கதிரவனை ஆராய விண்ணேகிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர், செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. அவர் பெயரை அன்றே நாடறிந்தது. அப்பெயருக்குப் பின்னே, பெயர் மறைந்த எத்தனையோ கணிப்பாளர்களின் உழைப்பு ஒளிர்கிறது. இன்றிரவு மொட்டை மாடியில் நம் மகளிர்க்கு அருந்ததியைக் காட்டுவோம். உடன் ஐசிஸின் கதையையும் சொல்லுவோம்.