சாதி முயலும் கலப்பு முயலும்



முயல் வளர்க்கும் வீட்டில் ஒரு கேள்வி எப்படியும் எழும். சந்தையில் வாங்கிவந்த குட்டி ஆறு மாதத்தில் வளர்ந்து நிற்கும். ஒரு காது நிமிர்ந்திருக்கும். மற்றது கன்னத்தில் தொங்கும். உடல் சாம்பல், மூக்கு வெள்ளை. "இது என்ன சாதி முயல், அப்பா?" என்று பிள்ளை கேட்கும். அப்பா, விற்றவன் சொன்ன பெயரையே சொல்வார். விற்றவனோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவன்!

பதில் காண வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் நம் முன்னோர் முயல் என்றது புதரில் வாழும் காட்டு முயலை. வள்ளுவர் யானையோடு ஒப்பிட்டுப் பேசுவதும் அதைத்தான். அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி கண் திறந்து, உடல் முழுதும் மயிரோடு பிறக்கும். நாம் கூண்டில் வளர்ப்பது குழிமுயல். இதன் குட்டி கண்மூடி, மயிரின்றிப் பிறக்கும். இரண்டும் வேறு வேறு உயிரினங்கள்.

உலகிலுள்ள வீட்டு முயல்கள் அத்தனைக்கும் மூதாதை ஒன்றே: ஸ்பெயின், போர்த்துகல், தென் பிரான்சு ஆகிய பகுதிகளின் காட்டுக் குழிமுயல். ரோமானியர் மதில் எழுப்பிய தோட்டங்களில் அதை அடைத்து இறைச்சிக்காக வளர்த்தனர். கி.பி. 600 வாக்கில் பிரெஞ்சுத் துறவிகள் முயலைப் பழக்கினர் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. 2018இல் ஆய்வாளர்கள் மூல ஏட்டையே தேடிப் பார்த்து, அதற்கு ஆதாரமில்லை என்று கண்டார்கள். பழக்கம் மெல்ல மெல்லத்தான் வந்தது.

அப்படியானால் இத்தனை சாதிகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் மனிதன் கூண்டுக் கதவைத் திறந்து, எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்ததனால் வந்தவை.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முயல் வளர்ப்பு எளிய மக்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது. நாள் முழுதும் ஆலையில் உழைத்தவர், வீட்டுக் கொல்லையில் இரண்டு கூண்டு வைத்திருப்பார். குதிரையோ வேட்டை நாயோ வளர்க்க அவருக்கு வசதி ஏது? முயலுக்குப் புல் போதும். அவர்கள் சங்கம் அமைத்துப் போட்டி வைத்தார்கள். தொங்கு காது முயலுக்கு அன்று பெருமதிப்பு. காது எவ்வளவு நீளமோ அவ்வளவு பரிசு. சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார்: காட்டு முயலின் இரு காதுகளும் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7 அங்குலத்திற்குச் சற்று மேல், போட்டி முயலுக்கோ 22 அங்குலம்! ஒற்றைக் காது தொங்கும் முயலையும் அவர் விடவில்லை. அதன் மண்டையோட்டை ஆராய்ந்து, தொங்கும் பக்கத்துக் காதுத் துளை எலும்பே பெரிதாகியிருப்பதைக் கண்டார். நம் பிள்ளையின் முயல் டார்வின் காலத்திலேயே ஆராயப்பட்டதுதான்.

இமாலய முயலின் கதை இன்னும் சுவையானது. வெள்ளை உடல், மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. இது தனி உயிரினம் என்று எண்ணி லத்தீன் பெயரும் சூட்டிவிட்டார்கள். ஆனால் வெள்ளிச் சாம்பல் முயல்களைக் கலந்தபோது அதே போன்ற குட்டிகள் திடீரெனப் பிறந்தன. மலையும் இல்லை, இமயமும் இல்லை. கூண்டுக்குள் பிறந்த கலப்புதான்! அந்தக் கறுப்பும் குளிரைப் பொறுத்தது. உடலில் குளிர்ந்த பாகங்களில் மட்டுமே படியும். ஆகவே நம்முடையதைப் போன்ற வெப்ப நாட்டில் கறுப்பு மங்கித் தோன்றினால் அதை வைத்து முயலைக் குறை சொல்லலாகாது.

நியூசிலாந்து வெள்ளை என்ற முயலும் நியூசிலாந்திலிருந்து வரவில்லை; அமெரிக்காவில் உருவாக்கியது. கலிபோர்னிய முயலை 1923இல் ஜார்ஜ் வெஸ்ட் என்பவர், இமாலய முயல், சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை மூன்றையும் கலந்து உருவாக்கத் தொடங்கினார். குட்டையான ஹாலந்து தொங்கு காது முயலுக்காக நெதர்லாந்தில் அட்ரியன் டி காக் என்பவர் 1949 முதல் பாடுபட்டார். முதல் முயற்சி தோற்றது. பிறகு பெரிய தொங்கு காதுப் பெண் முயலுக்குக் குள்ள ஆண் முயலைச் சேர்த்தார். பிறந்த குட்டிகளுக்கெல்லாம் காது நிமிர்ந்தே நின்றது. மனிதர் விடவில்லை. 1964இல் அங்கே அது தனி இனமாக ஏற்கப்பட்டது. நேற்றைய கலப்பு இன்றைய சாதி!

பெயரை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பெல்ஜிய முயல் மோகம் பிடித்தது. ஒரு முயலுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து, வம்சாவளிக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினார்கள். முயலோ மாதம் ஒருமுறை குட்டி போடக்கூடியது. சில ஆண்டுகளில் எங்கும் முயல் பெருகி, விலை சரிந்து, வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். காகிதத்திற்கு அதிக விலை கேட்கும் வியாபாரியிடம் நமக்கு எச்சரிக்கை வேண்டும்.

சரி, வீட்டு முயலை எப்படி அடையாளம் காண்பது? நன்றாக வளர்ந்தபின் நிறுத்துப் பாருங்கள். நெதர்லாந்து குள்ளன் இரண்டரை ராத்தலைத் தாண்டாது. பிளெமிஷ் இராட்சத முயல் 13 ராத்தலுக்கு மேலும் போகும். பிறகு முதுகின் வளைவு, காது, மயிர் ஆகியவற்றைப் பாருங்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அது மிகவும் ஏமாற்றும். வெல்வெட் போன்ற குறுமயிர் கொண்ட ரெக்ஸ் முயல் 1919இல் பிரான்சில் தோன்றியது. அதைச் சாதாரண முயலோடு சேர்த்தால் குட்டிகள் யாவும் சாதாரண மயிரோடே பிறக்கும். வெல்வெட் குணம் உள்ளே மறைந்திருக்கும். பேரக்குட்டிகளில்தான் திரும்பத் தலைகாட்டும். ஆகவே கண்ணால் பார்த்து, "இதில் இன்ன சாதி கலந்திருக்கலாம்" என்று சொல்ல முடியுமே தவிர, சத்தியம் செய்ய முடியாது.

கண்காட்சிக்கு வருவோம். அமெரிக்கப் போட்டிகளில் ஒவ்வொரு சாதிக்கும் 100 புள்ளிகளைப் பிரித்து இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். இடது காதில் பச்சை குத்திய அடையாளம் வேண்டும். பிரிட்டனில் குட்டியாக இருக்கும்போதே பின்னங்காலில் வளையம் மாட்டுவார்கள். வியப்பு என்னவென்றால், அமெரிக்க நடுவர் வம்சாவளிக் காகிதத்தைக் கேட்பதில்லை. மேசைமேல் உள்ள முயலைத்தான் பார்ப்பார். என்றாலும் எந்த இலக்கணத்திலும் அடங்காத முயலுக்குச் சாதிப் பிரிவில் இடமில்லை.

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கண்காட்சிகளில் செல்லப் பிராணிப் பிரிவு ஒன்று உண்டு. அங்கே சுத்தம், ஆரோக்கியம், சாதுவான குணம் ஆகியவற்றிற்கே மதிப்பு. அமெரிக்கச் சிறுவர் போட்டிகளிலோ பிள்ளையே முயலைப் பக்குவமாகப் புரட்டி, பல், நகம், காது எல்லாவற்றையும் காட்டி விளக்க வேண்டும். பல கிராமப் பொருட்காட்சிகளில் கலப்பு முயலோடும் அதில் கலந்துகொள்ளலாம். பரிசு முயலுக்கல்ல, பிள்ளைக்கு. சுவீடனில் 1970களில் தோன்றிய முயல் தாண்டும் போட்டியில் சாதி பற்றிய பேச்சே இல்லை.

பிள்ளைகள் இன்று மாலை வீட்டு முயலிடமே தொடங்கலாம். மேல் பல் கீழ்ப் பல்லுக்குச் சற்று முன்னால் படிய வேண்டும். காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு இருக்கக் கூடாது. தூக்கும்போது மறக்காமல் பின்பாகத்தைக் கையால் தாங்குங்கள். உதறினால் முதுகெலும்பு முறிந்துவிடும்.